மறுசோறு அண்ணாச்சியும் ஆறு சாக்லேட்டும்

மும்பையில் கல்யாணம் செய்துகொண்ட தமிழர்களில் பாதிப் பேருடைய சாப்பாட்டு இலையில் என்ன மீந்தது என்பது உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். மாப்பிள்ளைக்கு மறந்திருக்கும். பாயசத்தில் தனக்கு மட்டும் முந்திரி வரவில்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்து போன சித்தப்பாவுக்கும் மறந்திருக்கும். மறுசோறு அண்ணாச்சிக்கு மறக்காது.

சொந்தப் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் நானே கேட்டதில்லை. தாராவியில் அவருக்கு ஒரு பாத்திர வாடகைக் கடை. போர்டில் முருகன் படம் இருக்கும், கீழே ‘பந்தி விசாரணை செய்து தரப்படும்’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நெருளிலோ தமிழர் வீட்டுக் கல்யாணம் என்றால், சமையல் யாராக இருந்தாலும், பரிமாறுகிற இடத்தில் அண்ணாச்சி நிற்பார். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை சாதம் வரும்போது வரிசையோரமாக நடந்துகொண்டே “மறுசோறு… மறுசோறு…” என்று மெதுவாகக் குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டால் வயிறு தானாக இடம் விடும். டாக்டர் வேண்டாம் என்று சொன்னவர்களெல்லாம் இலையைக் காட்டியிருக்கிறார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அண்ணாச்சிக்கு மூன்று சட்டங்கள். முதல் சட்டம்: “வேணுமான்னு கேக்கக் கூடாது. வச்சுட்டுத்தான் கேக்கணும்.” இரண்டாவது: கடைசி ஆள் கை கழுவும்வரை பரிமாறுகிறவன் வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். பந்தி எழுந்த அடுத்த நிமிஷம் மேஜைமேல் விரித்த பேப்பரோடு சேர்த்து எல்லாவற்றையும் இரண்டு முனையிலிருந்தும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். இருபது எண்ணுவதற்குள் மேஜை காலியாக வேண்டும். ஏன் இந்த அவசரம் என்று ஒரு தடவை கேட்டேன்.

“ஒருத்தர் என்ன சாப்பிட்டாரு, என்னத்த விட்டாருங்கிறது அவரு மானம்லா தம்பி. அடுத்தவன் பாக்கக் கூடாது” என்றார்.

அடுத்தவன் பார்க்கக் கூடாதே தவிர, அண்ணாச்சி பார்க்கலாம். பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டார். இலைக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் சொல்வார். என் கல்யாணம் நடந்து இருபத்தைந்து வருஷம் கழித்து, செம்பூரில் ஒரு காதுகுத்தில் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“தம்பி, ஒங்க கல்யாணத்துல நீங்க அவியலத் தொடவே இல்ல.”

“எனக்கு அவியல் பிடிக்காது அண்ணாச்சி.”

“அது தெரியும். பொண்ணு ஒங்க இலையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மீதி கூடுனா அதுக்குத் தெரிஞ்சிரும்லா, அதான் நான் ரெண்டாவது கரண்டி வைக்கல.”

இதை நான் வாய் தவறி என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எனக்காகவே அவியல் செய்துகொண்டிருந்தவள் அவள். அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

தொழில் அவரை விட்டு எங்கேயும் போகாது. ஒரு நாள் டோம்பிவிலி ஃபாஸ்ட் ரயிலில் அவரோடு போனேன். தாதரில் கூட்டம் உள்ளே பாய்ந்தது. என் கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்ணாச்சி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பெட்டியை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். “மூணு பந்தி இருக்கு தம்பி. வாசல்ல நிக்கானே செவப்புச் சட்டை, அவன் மட்டும் நாலு கரண்டி ஆளு” என்றார்.

இப்படிப்பட்ட மனிதரை ஒயின் ஊற்றுவதற்குக் கூப்பிட்டது நான்தான். அதற்குக் காரணம், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துகிற ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்.

என் மனைவியின் தங்கை சுமதி எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கிறாள். பாங்கு உத்தியோகத்திலிருந்து ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் சாக்லேட் செய்தாள். கடையில் விற்கிற சாக்லேட் இல்லை. கொக்கோ கொட்டையை வாங்கி, வறுத்து, தோலை ஊதி, மூன்று நாள் அரைத்துச் செய்கிற சாக்லேட். அந்த அரைக்கிற மெஷின் ராத்திரி பகலாக ஓடியதில் அவள் புருஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. வருஷம் முடிகிற நாள் ஒரு திங்கட்கிழமை. அன்று மதியம் இரண்டு மணிக்குள் ஐரோலி கிளையில் வேலைக்குத் திரும்பியதாகக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா. ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தால் ராஜினாமா, கிடைக்காவிட்டால் கையெழுத்து. இதுதான் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டது.

அந்த ஆர்டரைக் கொடுக்கக்கூடியவர் ஒரே ஒரு ஆள். ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாப்பாட்டுச் சாமான் தேர்ந்தெடுக்கிற மெஹ்ரா. அவருக்காகத்தான், திங்கட்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, செம்பூரில் ஓவியங்கள் மாட்டியிருக்கிற ஒரு ஹாலில் ஏற்பாடு: ஆறு வகை சாக்லேட், நாலு வகை ஒயின், எது எதோடு சேர்கிறது என்று ருசி பார்க்க இருபத்துநாலு பேர். ஒயினை விளக்கிச் சொல்ல நாசிக்கிலிருந்து ஸ்நேஹல் என்ற பெண் பாட்டில்களோடு காரில் வந்து இறங்கிவிட்டாள். பர்மிட் எல்லாம் சுவரில் ஒட்டியாகிவிட்டது. பரிமாற வேண்டிய ஆட்கள் நெருளிலிருந்து வர வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. ஹார்பர் லைனில் மெகா பிளாக், ஆட்கள் வர மாட்டார்கள்.

“பஸ் ஓடுதே, அதுல வாங்கன்னு சொன்னேன் அத்தான். ஆள் அனுப்புறவன் யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டான்” என்றாள் சுமதி. கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“எத்தன இலை?” என்றார் எடுத்தவுடன்.

“இருபத்துநாலு பேர் அண்ணாச்சி. ஆனா இது சாப்பாடு இல்ல.”

“டிபனா?”

“சாக்லேட். கூட ஒயின்.”

“தொட்டுக்க?”

“சாக்லேட்டுக்கு ஒயின்தான் தொட்டுக்க.”

“அப்ப கொழம்பு இடத்துல ஒயினு. சரி, வாரேன்” என்று வைத்துவிட்டார்.

ஒன்றரை மணிக்கு வந்து இறங்கினார். பின்னால் நாலு பேர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாலு பேர் வயதையும் கூட்டினால் இருநூற்றைம்பதைத் தாண்டும். கையில் எவர்சில்வர் ஜக்குகள், மேஜை பேப்பர் ரோல், ஒரு கட்டு வாழையிலை. சாக்லேட்டில் ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று சுமதி இலைக்கட்டை மட்டும் தடுத்து நிறுத்தினாள். அண்ணாச்சி இலை இல்லாத பந்தியை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் ஹாலைப் பார்த்தார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று சின்னச் சின்ன வட்ட மேஜைகள், இடுப்பு உயரத்துக்கு.

“நாற்காலி எங்க தாயி?”

“நின்னுக்கிட்டே, நடந்துக்கிட்டே சாப்பிடுவாங்க அண்ணாச்சி. அதான் வழக்கம்.”

“விருந்தாளிய நிக்க வச்சா வந்த காலோட போயிருவாவ” என்றார். சுமதி சாக்லேட் டப்பாவைப் பிரித்து முடிப்பதற்குள் கீழ்த்தளத்தில் இருந்த டான்ஸ் கிளாஸுக்குப் போய் நீள மேஜைகளையும் நாற்காலிகளையும் தூக்கி வந்து, ஒரே நேர்க்கோட்டில் போட்டு, ஒரு பக்கம் மட்டும் நாற்காலி வைத்து, பேப்பரை விரித்துவிட்டார்கள். பேப்பர் பறக்காமல் இருக்க ஓரத்தில் தண்ணீர் தெளித்தார்கள். இருபத்துநாலு பேரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். சுவரில் புரியாத ஓவியங்கள் இருந்ததால் பாதகமில்லை.

சுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் மணி மூன்று. வேறு வழியில்லாமல் ஃபெல்ட் பேனாவை எடுத்து ஒவ்வொருவர் இடத்திலும் பேப்பர்மேலேயே ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டாள். ஒன்று உப்பு, இரண்டு ஆரஞ்சுத் தோல், மூன்று காப்பி, நாலு சுக்கு, ஐந்து அத்திப்பழம், ஆறு நிலக்கடலை. ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆறையும் முதலிலேயே வைத்துவிட வேண்டும், உப்பு இடது கோடியில் இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சி கணக்கு. அண்ணாச்சி கணக்குத்தான் நடந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே ஒரு சாக்லேட். ஆறாவது கடலைச் சாக்லேட்டைப் பற்றி மட்டும் சுமதிக்கே கொஞ்சம் வெட்கம். அது தட்டில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்று அவள் புருஷன் ஆசைக்காகச் சேர்த்தது. அவளுடைய பெருமையெல்லாம் அத்திப்பழம். நாலு மாசம் அதற்காக உழைத்திருந்தாள்.

அடுத்த சண்டை ஒயினில் வந்தது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் நின்று நின்று ஊற்றினால் பந்தி கலைந்துவிடும் என்று அண்ணாச்சி நாலு சிவப்பு ஒயின் பாட்டிலையும் தனித்தனி ஜக்கில் கவிழ்த்துவிட்டார். ஸ்நேஹல் ஓடி வந்து ஜக்கைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, குனிந்து முகர்ந்து, சிவப்பு ஒயினுக்குக் கொஞ்சம் காற்றுப் படுவது நல்லதுதான் என்று ஒத்துக்கொண்டாள். ஒருவருக்கு முப்பது மில்லிதான் என்று அவள் சொன்னபோதுதான் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது.

“முப்பது மில்லின்னா அது இருமல் மருந்துலா” என்று தமிழிலேயே சொன்னார். அந்த மராட்டிப் பெண்ணுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

நாலு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வாசலில் அண்ணாச்சி கைகூப்பி “ஆயியே, பைட்டியே” என்று வரிசையாக உட்கார வைத்தார். பாந்த்ராவிலிருந்து வந்த பெண்கள் இருவர் முதலில் திகைத்து, பிறகு இதுதான் இன்றைய புதுமை போலிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மெஹ்ரா ஏழாவது நாற்காலி. மெலிந்த மனிதர், சட்டைப் பையில் பட்டுக் கைக்குட்டை, முகத்தில் எதுவும் தெரியாது. ஸ்நேஹல் விளக்கம் சொல்ல, வேட்டி கட்டிய நாலு பேரும் ஜக்கோடு வரிசையில் நகர்ந்தார்கள். ஒரு சொட்டு பேப்பரில் சிந்தவில்லை. சாம்பாரை ஓடிக்கொண்டே ஊற்றுகிற கைகள் அவை.

முதல் ஒயின். மெஹ்ரா கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் எடுத்தார். கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் உருட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் துப்பினார்.

“நிறுத்துங்கலே” என்று அண்ணாச்சி குரல் கேட்டது. நாலு ஜக்கும் அந்தரத்தில் நின்றன. அண்ணாச்சி வந்து மெஹ்ராவின் முன்னால் நின்று கைகூப்பினார். “சாப், கியா கமி ரஹ் கயா?”

ஒரு குறையும் இல்லை, இது தொழில் முறை, எல்லா ஒயினையும் விழுங்கினால் நாக்கு மழுங்கிவிடும், அதனால் துப்புவதுதான் வழக்கம் என்று மெஹ்ரா பொறுமையாக இந்தியில் விளக்கினார். அண்ணாச்சி முழுசாகக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். நேராக என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“தம்பி, முப்பத்தெட்டு வருசம். ரெண்டு பேரு ரெண்டு தடவ உப்புப் போட்ட ரசத்தைக்கூட நம்ம பந்தியில முழுங்கித்தான் இருக்காவ. ஒருத்தர் துப்புனதில்ல.”

“அண்ணாச்சி, அது அவங்க முறை.”

“முறையா இருக்கட்டும். எம் முன்னால துப்பட்டும், பாப்போம்.”

சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. மெஹ்ராவுக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நின்று அவர் வாயையே பார்த்தார். பெற்ற பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. இரண்டாவது ஒயின் வந்தது. மெஹ்ரா சுழற்றினார், முகர்ந்தார், வாயில் வைத்தார், கிண்ணத்தின் பக்கம் திரும்பினார். அண்ணாச்சியைப் பார்த்தார். விழுங்கினார்.

அதற்கப்புறம் எல்லாம் சுமுகம். மூன்றாவது ஒயினையும் விழுங்கினார். நாலாவதுக்கு அவரே கிளாஸை நீட்டினார். அண்ணாச்சி “மறு ஒயின்… மறு சாக்லேட்…” என்று குரல் கொடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தார். பாந்த்ரா பெண்கள் இரண்டு தடவை வாங்கினார்கள். ஓரத்தில் இருந்த ஒரு கிழவர் சுவர் ஓவியத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மெஹ்ராவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் தெரிந்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு திடீரென்று வாட்சைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். அவருக்குக் கோவா விமானம்.

அண்ணாச்சி காதிலிருந்த பென்சிலை மெஹ்ராவே எட்டி எடுத்தார். தன் இடத்தில் பேப்பரில் இரண்டு எண்ணுக்கு வட்டம் போட்டார். போகிற போக்கில் சுமதியிடம் சொன்னார்: “வட்டம் போட்டிருக்கிற இரண்டை மட்டும், வகைக்கு ஒரு டப்பா, நாளைக் காலை பத்து மணிக்குள் ஓட்டலுக்கு அனுப்புங்கள். எங்கள் முதலாளி, பெரியவர், பதினொரு மணிக்கு ருசி பார்ப்பார். ஆறையும் அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு மூன்றாவது டப்பாவைப் பார்த்தாலே கோபம் வரும், ஒன்றையும் திறக்க மாட்டார்.” வாசலில் நின்ற டாக்சியில் ஏறிப் போய்விட்டார்.

சுமதி வாசல்வரை போய் வழியனுப்பினாள். நானும் போனேன். மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில். கடைசி ஆளும் போனபிறகு திரும்பி ஹாலுக்குள் வந்தோம்.

மேஜை பளபளவென்று காலியாக இருந்தது.

“பேப்பர் எங்க?” என்றாள் சுமதி.

“சுருட்டியாச்சு தாயி” என்றார் அண்ணாச்சி பெருமையாக. “பதினெட்டு எண்ணங்குள்ள.”

கீழே ஓடினோம். தேடுகிற நாளிலெல்லாம் வராத குப்பை வண்டி, அன்றைக்கென்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து, மணியடித்து, பையை வாங்கிக்கொண்டு, சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் கொஞ்ச தூரம் ஓடினேன். என் ஓட்டத்தைப் பார்த்து வண்டிக்காரர் கையசைத்துவிட்டுப் போனார்.

சுமதி மெஹ்ராவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். கிடைத்தாலும் என்ன கேட்பது? நீங்கள் எழுதியதைக் குப்பையில் போட்டுவிட்டோம், என்ன எழுதினீர்கள் என்றா? அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தான், நான் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. மேஜை மாத்தினார், சரின்னேன். ஒயினை ஜக்குல ஊத்தினார், சரின்னேன். நாளைக்கு நான் ஐரோலி போகணும். அவ்வளவுதான்.”

அண்ணாச்சி இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தார். துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முப்பது வருஷத்தில் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தாயி, அவரு வட்டம் போட்டத நான் பாக்கல. ஆனா இலையப் பாத்தேன்.”

சுமதி நிமிரவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“ஒருத்தர் இலைய இன்னொருத்தர்ட்ட நான் சொன்னதில்ல தம்பி. ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் அண்ணாச்சி.”

“இந்தப் பிள்ளைக்காகச் சொல்லுதேன். முருகன் மன்னிக்கட்டும்.” கண்ணை மூடிக்கொண்டார். “ஏழாவது இலை. உப்புச் சாக்லேட்டு ஓரத்தக் கடிச்சாரு, அதோட சரி. ஆரஞ்சு முழுசும் போச்சு, ஆனா ஒடனே தண்ணி குடிச்சாரு. காப்பிக்குத் தலையாட்டுனாரு. தலையாட்டுறவன் மறுக்கா வாங்கமாட்டான். அத்திப்பழத்த ரெண்டு தடவ தூக்கிப் பாத்தாரு, பாதி மீந்துச்சு. சுக்கு ரெண்டு. கடலை மூணு. மூணாவது கடலைய நான் வைக்கல, பக்கத்து இலையிலருந்து அவரே எடுத்தாரு.”

“கடலையா?” என்றாள் சுமதி. “அண்ணாச்சி, அது சும்மா இடத்த அடைக்கச் சேத்தது. அவர் மாதிரி ஆள் அதுக்கு வட்டம் போட்டிருப்பாரா?”

“போட்டிருக்க மாட்டாரு. ஆனா தின்னாரு.”

ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை என்பது எங்கள் வீட்டு மேல்தளத்தில் நடக்கிற சத்தத்தில் தெரிந்தது. காலையில் இரண்டு டப்பாவோடு இறங்கி வந்தாள். ஒன்றில் சுக்கு. இன்னொன்றில் என்ன என்று கேட்டேன். “கேக்காதீங்க அத்தான், மறுபடியும் மாத்திடுவேன்” என்றாள். நான்தான் டாக்சியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். போகிற வழியில் மூடியைத் திறந்து பார்த்தேன். கடலைதான்.

மதியம் பன்னிரண்டரைக்கு, பாங்குக்குக் கட்டுகிற காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு, கைப்பையோடு ஐரோலி பஸ்ஸுக்காக நின்றாள். துணைக்கு நானும் நின்றேன். ஒரு பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்று விட்டாள். இரண்டாவது பஸ் காலியாக வந்தது. நம்பர் சரியாகத் தெரியவில்லை என்று விட்டாள். மூன்றாவது பஸ் வந்து நின்றபோது அவள் கால் படியில் இருந்தது, போன் அடித்தது. மெஹ்ரா.

ஸ்பீக்கரில் போட்டாள். கண்டக்டர் ஏறுகிறாயா இல்லையா என்று மராட்டியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

மெஹ்ரா, தான் வட்டம் போட்டது சுக்கும் அத்திப்பழமும் என்றார். கடலை எப்படி வந்தது என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே மேலே சொன்னார். பெரியவர் சுக்கை ருசி பார்த்து நன்றாக இருக்கிறது என்றாராம். கடலையை ருசி பார்த்து ஒன்றும் சொல்லவில்லையாம். டப்பாவை மூடித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டாராம். ஓட்டலின் எல்லா அறையிலும் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சுக்கு, ஒரு கடலை, அடுத்த மாதத்திலிருந்து. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “எனக்கும் அதுதான் பிடித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பந்தி விசாரணை என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று சுமதி என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. மூன்றாவது பஸ்ஸும் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சியைச் சுமதி வீட்டுக்கு அழைத்தோம். விருந்து முடியட்டும், அப்புறம் சாப்பிடுகிறேன் என்றார். விருந்தே உங்களுக்குத்தான் என்றோம். அவருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. முப்பத்தெட்டு வருஷத்தில் அவரை உட்கார வைத்து யாரும் பரிமாறியதில்லை. கடைசியாக, தனியாக, அடுக்களையில் நின்றுகொண்டு சாப்பிட்டே பழகியவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுமதி சமையல் மேடையிலிருந்து வரும்போதெல்லாம் உதவிக்கு எழுந்தார். இரண்டு தடவை தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

பேப்பர் விரித்தோம். உப்பை இடது கோடியில் வைத்தோம். ஆறு சாக்லேட். அவர் ஒயின் தொடமாட்டார் என்பதால் ஒயின் கிளாஸில் நீர்மோர். அண்ணாச்சி சுழற்றினார், முகர்ந்தார், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். நான் தட்டோடு அவர் பின்னால் நின்று “மறு சாக்லேட்… மறு சாக்லேட்…” என்றேன். என் குரல் நன்றாக இல்லை.

“போதும் தம்பி” என்றார்.

வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போனார். சுமதி மேஜைப் பக்கம் வருவதற்குள் நான் பேப்பரை எல்லாவற்றோடும் சேர்த்துச் சுருட்டிவிட்டேன். இருபத்திரண்டு எண்ண வேண்டியிருந்தது, எனக்குப் பழக்கமில்லை.

அவர் எதை விரும்பிச் சாப்பிட்டார், எதை எங்கள் மனசுக்காகச் சாப்பிட்டார், எதை மீதி வைத்தார் என்று சுமதி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் நான் என்ன சாப்பிட்டேன் என்பது எனக்கு மத்தியானம் மறந்துவிடும். அண்ணாச்சியின் இலை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.